மணப்பட்டுக் கடலில் இன்னும் ஒரு சுற்று

கடலூர் போகும் வழியில் கிருமாம்பாக்கத்தில் இறங்கி, மணப்பட்டுக் கடற்கரைக்கு வந்திருக்கிறேன். ஒரு பெண் பலகைமேல் நின்றபடி கரையை நோக்கிப் பாய்ந்து வருகிறாள். அவள் இடுப்புப் பட்டையை வானத்திலிருந்து ஒரு பெரிய பட்டம் இழுக்கிறது. அந்த இழுப்புக்கு எதிராக, முதுகு தண்ணீரைத் தொடும் அளவுக்குச் சாய்ந்திருக்கிறாள்.

பட்டத்தை இறக்கியதும் அப்படியே மணலில் உட்கார்ந்துவிடுகிறாள். பெயர் கலைவாணி, பாகூரில் கரும்பு போடும் குடும்பம். அவள் தொடைகள் தாமாகவே துடிக்கின்றன. என் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறேன். பட்டத்தின் பிடிக்கம்பைப் பற்றி மடங்கிய விரல்கள் விரியவில்லை. உள்ளங்கைகளுக்கு நடுவே இடுக்கிக் குடிக்கிறாள்.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

"ரேஸ் முழுக்கப் பாதி உக்காந்த மாதிரியே நிக்கணும்க்கா. அலை வேற தூக்கித் தூக்கிப் போடும். போன ரேஸ்ல ஃபர்ஸ்ட்டு வந்துனு இருந்தேன். கடைசி சுத்துல காலு விட்டுடுச்சு. அடுத்த வாரம் மறுபடியும் ரேஸ்."

பட்டையின் கொக்கியைக் கழற்ற அவள் விரல்களால் முடியவில்லை. நான் குனிந்து தளர்த்துகிறேன். பனியன் விலகிய இடத்தில், இடுப்பைச் சுற்றிலும் தோல் கன்றிச் சிவந்திருக்கிறது.

அந்நேரம் காற்று வலுக்கிறது. அவள் நிமிர்ந்து கடலைப் பார்க்கிறாள்.

"கழட்டாதீங்கக்கா, இழுத்து மாட்டுங்க. ரேஸ் அன்னிக்கும் இப்டித்தான் அடிக்கும். இன்னும் ஒரு சுத்து போய்ட்டு வந்துடறேன்."

"இந்தக் காலோடவா?"

"இந்தக் காலோடதான்க்கா போவணும்."

இறுக்கி மாட்டிவிடுகிறேன். எழப் பார்த்து மணலில் சரிகிறாள். மறுபடி கையூன்றி எழுந்து, பட்டத்தைக் காற்றில் ஏற்றி, பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தண்ணீரை நோக்கி நடக்கிறாள்.