புழுக்கத்தில் கழற்றிய செருப்பு

போன பௌர்ணமிக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு கிரிவலம் கிளம்பினேன்.

படித்ததும் சிலருக்கு முகம் சுருங்கியிருக்கும். தெரியும்... மூன்று மாதத்துக்கு முன்னால் வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் எனக்கும்தான் சுருங்கியிருக்கும். அதனால் முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

வேங்கிக்காலில் எங்கள் தெரு புதுத் தெரு. பாதி வீடுகளுக்கு இன்னும் வெளிப்பூச்சே ஆகவில்லை. எங்கெங்கிருந்தோ வந்து குடியேறிய பதினோரு குடும்பங்களைச் சேர்த்து வைத்ததே கிரிவலம்தான். பௌர்ணமி தவறாமல் கும்பலாகக் கிளம்புவோம், வெறுங்காலோடு. அப்படித்தான் வரவேண்டும் என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. எழுதி ஒட்டினால்தானே எதிர்த்துப் பேச முடியும்?

சித்திரைப் பௌர்ணமிக்கு முதல் தடவையாக சம்பந்தம் சாரும் எங்களோடு வந்தார். எதிர்வீட்டுக்காரர். கீழ்பென்னாத்தூர் பக்கம் விவசாயக் குடும்பம்; கலெக்டர் ஆபீசில் வேலை. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை வியாதி. பாதத்தில் உணர்ச்சி கம்மி, வீட்டுக்குள்கூட வெறுங்காலில் நடக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி, மெத்தென்ற நீலச் செருப்பு ஒன்றை வாங்க வைத்திருந்தார். இதெல்லாம் தெருவில் எல்லோருக்கும் தெரியும். சாரின் மனைவி கோமதி வீடு வீடாகச் சொல்லியிருந்தார். முட்டிவலி என்று அவர் அன்றைக்கு வரவில்லை.

நாலு மணிக்கே கிளம்பிவிட்டோம். மலைக்கு மேல் மேகம் கவிந்து நின்றது. ஒரு சொட்டு விழவில்லை. காற்றும் இல்லை. இலை அசையாத புழுக்கம். தார் ரோடு, காலையிலிருந்து வாங்கி வைத்த வெயிலையெல்லாம் அப்படியே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

சார் நீலச் செருப்போடு வந்தார். நாங்கள் ஏதாவது சொன்னோமா? ஒரு வார்த்தை இல்லை. எல்லோரும் ஒருமுறை கீழே பார்த்தோம். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தோம். அவ்வளவுதான்.

"பரவால்ல சார், சாமி ஒண்ணும் நெனைச்சிக்காது" என்றார் பக்கத்து வீட்டு தனலட்சுமி. ஆறுதலாகத்தான் சொன்னார்.

வழியில் வரும் ஒவ்வொரு லிங்கக் கோயிலிலும் சார் வாசலில் செருப்பைக் கழற்றுவார். கும்பிட்டு வந்து, கும்பலில் அதைத் தேடி எடுத்து, குனிந்து வாரை மாட்டுவார். நாங்கள் அத்தனை பேரும் நின்றுகொண்டிருப்போம். எம லிங்கத்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், நாங்க மெதுவா நடந்துகிட்டு இருக்கோம். நீங்க பொறுமையா செருப்பு போட்டுகிட்டு வந்துடுங்க."

மரியாதையாகத்தான் சொன்னேன். டீச்சர் இல்லையா... மரியாதையாகவே குத்தத் தெரியும்.

அடுத்தது நிருதி லிங்கம். சார் வெறுங்காலோடு வெளியே வந்தார். "செருப்பக் காணோங்க. எவனோ எடுத்துட்டான் போல."

"அண்ணாமலையாரே எடுத்துக்கிட்டாரு சார்" என்றார் தனலட்சுமி. எல்லோரும் சிரித்தோம். சாரும் சிரித்தார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அதுவரை பத்தடி பின்னால் வந்தவர் எங்கள் நடுவில் வந்துவிட்டார். பேச்சும் சிரிப்புமாக நடந்தார். அடி அண்ணாமலையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை. வழியெல்லாம் கடைகள்... ஒரு ரப்பர் செருப்பு வாங்கி அவர் காலில் மாட்ட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கோமதி ஓடிவந்தார். "டீச்சர், செத்த வந்து அவர் கால பாருங்களேன்."

பாதத்தில் கொப்புளங்கள் உடைந்திருந்தன. சுண்டு விரல் கறுத்திருந்தது. வலிக்கவே இல்லையாம். வலித்திருந்தால் அன்றைக்கே பார்த்திருப்பார். வேலூருக்குக் கொண்டு போனார்கள். பாதம் தப்பியது, சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகுதான் கோமதி, கிரிவலத்தன்று சார் தோளில் மாட்டி வந்த ஜோல்னாப் பையைத் துவைக்க எடுத்திருக்கிறார். துண்டுக்கு அடியில், நியூஸ் பேப்பரில் சுற்றியபடி, நீலச் செருப்பு.

"காணாம போகல டீச்சர். இவரே பையில வெச்சிகிட்டு சுத்தியிருக்காரு."

அன்று மதியமே போய்ப் பார்த்தேன். கரண்ட் இல்லை. பனியனோடு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலில் பெரிய கட்டு.

"ஏன் சார் கழட்டினீங்க? யாரும் கழட்டச் சொல்லலையே?"

விசிறியால் தன் பனியனைத் தொட்டுக் காட்டினார். "இப்ப சட்டையக் கழட்டிட்டு ஒக்காந்திருக்கேன். யாராவது கழட்டச் சொன்னாங்களா டீச்சர்? புழுக்கம்... அன்னைக்கும் அப்படித்தான்."

"சாமி ஒண்ணும் நெனைச்சிக்காதுனு தனலட்சுமிகூட சொன்னாங்களே சார்..."

"சாமி நெனைச்சிக்காதுனு எனக்கும் தெரியும். நீங்கள்லாம் நெனைச்சிப்பீங்களே."

குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மழை என்றால் குடை பிடிக்கலாம். வெயில் என்றால் நிழலில் ஒதுங்கலாம். புழுக்கத்துக்கு என்ன செய்வது? யார்மேல் புகார் கொடுப்பது? குழந்தை இல்லாத பெண்ணிடம் நாம் ஒன்றுமே கேட்பதில்லை. ஏதோ ஒரு கோயில் பேரை மட்டும் சொல்லிவிட்டு வருகிறோம். அவள் கதவைச் சாத்திக்கொண்டால், ஏன் பழகமாட்டேன் என்கிறாள் என்று ஆச்சரியப்படுகிறோம். நம் மூச்சுதான் அந்தப் புழுக்கம் என்று நமக்குத் தெரிவதே இல்லை.

ஆடிப் பௌர்ணமிக்கு சார் மறுபடியும் வந்தார், நீலச் செருப்போடு. கொஞ்ச தூரம் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்னி லிங்கம் வரை வந்து ஆட்டோவில் திரும்புவதாக ஏற்பாடு. நானும் ஸ்கூலுக்குப் போடும் செருப்பை மாட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் நடந்தேன்.

தனலட்சுமி கீழே ஒருமுறை பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

அதற்குப் பிறகு வந்தவர் போனவர் எல்லோரும் என் காலையே பார்ப்பதுபோல் இருந்தது. அக்னி லிங்கத்தில் கும்பிட்டுவிட்டுத் திரும்பியதும் செருப்பைக் கையில் எடுத்தேன். காலில் மாட்டவில்லை. தோளில் பை இருந்தது... சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர், புழுக்கமா இருக்குதா?"

அன்றைக்கு ஆடிக் காற்று ஆளையே தள்ளிக்கொண்டிருந்தது.