பிந்தி வந்த கெட்டிமேளம்

என் தங்கையின் மாமியார் தன் பழைய டிவிடி பெட்டியைத் தவிர வேறு எதையும் நம்பாதவர். கல்யாண வீடியோவைப் படக்காரர் இணையத்தில் ஏற்றி, சுட்டியை அனுப்பியிருந்தார். மாமியாரின் புக்கிட் பெலண்டோக் தோட்டத்து வீட்டில் அது செல்லாது. ஆகவே மாமியாரின் மூத்த மகன் அதை இறக்கி, ஓசியில் கிடைத்த ஏதோ மென்பொருளில் போட்டு டிவிடி அடித்துக் கொடுத்தார். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். இவர் ஒரு கல்யாணத்தைக் கொல்லப் பார்த்தார்.

அந்த டிவிடியில் தாலி ஏறும்போது கெட்டிமேளம் இல்லை. யாரோ தும்மும் சத்தம்தான் தெளிவாகக் கேட்டது. மேளம் பிறகு வந்தது. தும்மலில் ஏறிய தாலி என்று மாமியார் அன்றே தீர்ப்பு எழுதிவிட்டார். இளைய மகன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டதற்கும் அதுதான் காரணமாம். பரிகாரம் முடியும்வரை மருமகள் தாய்வீட்டில் இருக்கட்டும் என்றார். கட்டுப்போட்டுக் கிடந்த எங்கள் மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. காலோடு நாக்கும் முறிந்துவிட்டது போலும்.

தங்கை ஒரு பையோடு லாபு ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, பையைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

அவள் கையோடு கொண்டுவந்திருந்த அந்த டிவிடியைப் போட்டுப் பார்த்தேன். நாதஸ்வரக்காரர் குழலை இறக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கிறார். நாதஸ்வரம் அது பாட்டுக்குக் கேட்கிறது. ஐயர் தேங்காயை உடைத்து இரண்டு மூடியையும் தட்டில் வைத்தபின் சாவகாசமாக 'டப்' என்று சத்தம் வருகிறது. இதையெல்லாம் அந்த வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. தும்மல் மட்டும் காதில் விழுந்திருக்கிறது.

கோளாறு சாதாரணமானதுதான். மூலக் கோப்பில் விநாடிக்கு இத்தனை படம் என்ற ஒழுங்கு இல்லை, கூடும், குறையும். டிவிடிக்கோ ஒரே சீராக வேண்டும். அதைப் பார்க்காமல் மாற்றியதால் படம் முன்னே ஓடி, சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கி, முகூர்த்தத்துக்குள் அரை நிமிடம் பிந்திவிட்டது. நான் கோப்பை மறுபடி இறக்கி, சத்தத்தைத் தனியே பிரித்து, படத்தைச் சீராக்கி, இரண்டையும் சேர்த்தேன். தேங்காய் உடையும் இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கத்தி பட்டதும் சத்தம் வந்தது. தாலி ஏறும்போது கெட்டிமேளம் காதைப் பிளந்தது.

அப்படியானால் தும்மல் எங்கே? பின்னால் ஓட்டிக் கண்டுபிடித்துத் தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பையை எடுத்துக்கொண்டு, "போலாம்ண்ணே," என்றாள்.

புக்கிட் பெலண்டோக்கில் மாமியார் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார். "நான் போட்டதுல என்ன கொறச்சல்? எல்லாம் ஒன்னுதான்லா," என்றார் மூத்த மகன். நான் புது டிவிடியைப் பெட்டிக்குள் தள்ளினேன்.

திரையில் தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சபையைச் சுற்றி வந்து, மாமியார் முன்னால் நின்றது. அவர் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூக்கைச் சுளித்தார். தட்டின் மேலேயே தும்மினார். அதே தும்மல்.

"அது ஓமப்பொக தம்பி," என்றார் மாமியார். "பொகைக்கு யாரா இருந்தாலும் தும்முவாங்க. அதெல்லாம் சகுனத்துல சேராதுலா."

தங்கை ரிமோட்டைக் கையில் எடுத்தாள்.

"எனக்குச் சரியா கேக்கல அத்தே. இன்னொரு தடவ போடுறேன்," என்று பின்னால் ஓட்டினாள்.