மூன்று ராஜாவும் ஜன்னலோர மெஷினும்

அந்தத் தையல் கூடத்தில் ஒரே ஒரு ஜன்னல். அதன் பக்கத்து மெஷின் யாருக்கு என்பதைச் சனிக்கிழமை மதிய போக்கர்தான் தீர்மானிக்கும். காசு கிடையாது, ஆளுக்கு ஒரு கிண்ணம் சட்டைப் பொத்தான். கடைசியில் யாரிடம் பொத்தான் அதிகமோ, அடுத்த வாரம் வெளிச்சம் அவருக்கு.

காலர் தைப்பவருக்கு ஊசிக்காது மங்கலாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. ஜன்னலோரம் வாராவாரம் அவருடைய சகலைக்கே போனது. சட்டைக்குக் கை தைக்கிற ஆள், வயதில் சின்னவன். மாமியார் வீட்டிலும் அவனுக்குத்தான் முதல் உபசாரம். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இத்தனைக்கும் நல்ல சீட்டு காலர்காரருக்கும் வரும். வந்ததும் மொத்தப் பொத்தானையும் பந்தயம் வைத்துக் கிண்ணத்தையே கவிழ்த்துவிடுவார். மற்றவர்கள் உஷாராகிச் சீட்டைக் கீழே போட்டு விலகிவிடுவார்கள். சகலையோ நல்ல சீட்டோடு கொட்டாவி விட்டபடி இரண்டே பொத்தானைத் தள்ளுவான். ஒவ்வொருவராக வந்து விழுவார்கள்.

அந்தச் சனிக்கிழமை கடைசி ஆட்டம் வரை இருவரும் சமம். காலர்காரருக்கு மூன்று ராஜா வந்தது. பொத்தானை அள்ளப் போன கை நின்றது. இவனால் முடிவது நமக்கு முடியாதா? கொட்டாவி விட்டு இரண்டு பொத்தான் வைத்தார்.

"என்ன சகலை, வீட்ல தூங்க விடலையா?" என்றான் சின்னவன்.

"நீ உன் சீட்டைப் பாரு."

"ரெண்டுதானே. வந்து பாக்குறேன்." வேண்டாத சீட்டை மாற்றும்போது சகலை ஒன்றைப் போட்டுவிட்டு வேறொன்று எடுத்தான். காலர்காரர் மாற்றிய இரண்டும் உதவவில்லை. இருந்தாலும் மூன்று ராஜா. இப்போது கிண்ணத்தைக் கவிழ்த்தார். சகலையும் கவிழ்த்தான். அவன் விரித்த ஐந்தும் இஸ்பேடு. மூன்று ராஜாவைவிட அது பெரிது.

"முதல்ல நாலுதான் இஸ்பேடு," என்றான் பொத்தானை வாரிக்கொண்டே. "நீங்க வழக்கம்போல எடுத்ததுமே கவுத்திருந்தா அப்பவே ஓடியிருப்பேன். எவன் குடுத்தான் உங்களுக்கு இந்த யோசனைய?"

பொத்தானுக்குக் காஜா போடுபவர் சிரித்தார்.

"சரி, அடுத்த வாரம் நீங்களே ஜன்னல்ல உக்காருங்க. எனக்கு வெயில் கூசுது," என்றான் சகலை.

தோற்றதைவிட இதுதான் சுட்டது. "உன்கிட்ட நான் கேட்டேனா?" என்றார்.

திங்கட்கிழமை கறுப்புத் துணி வந்தது. டியூப்லைட்டுக்கு அடியில் நூல் நுனியை நனைத்து ஊசிக்காதைத் தேடினார். கிடைக்கவில்லை. மறுபடி நனைத்தார். அதற்குள் ஜன்னலோரத்தில் ஒரு கை தைத்து முடிந்திருந்தது.