காலித் தூளியின் ஆட்டம்

"காலித் தூளி ஆடுறதுக்கும் புள்ள கெடக்குற தூளி ஆடுறதுக்கும் வித்தியாசம் தெரியலையாடி உனக்கு?"

ஒன்பது வருடமாகக் கலைமணியை அறுக்கும் கேள்வி இது. கேட்டது ஊரார் அல்ல, தாலி கட்டிய தனசேகர்.

ஜலகண்டாபுரத்தில் வீட்டை ஒட்டியே அவர்களுடைய தறிக்கூடம். ஒன்பது வருடத்துக்கு முன் ஒருநாள் அவர் உள்ளே விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். முன்னறையில் அவள் தறி நாடாவுக்கான தார்க்கட்டையில் நூல் சுற்றினாள். இரண்டு கைக்கும் வேலை. அதனால் சேலைத் தூளியின் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்து ஆட்டினாள். பதினொரு மாதக் குழந்தை எப்போது நழுவி இறங்கியதோ! தூளி அதே கதியில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் தலை நிமிரவில்லை. பிள்ளையைக் கொல்லைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்துதான் எடுத்தார்கள்.

அதன்பின் அவள் தார்க்கட்டையைத் தொடவில்லை. மேல்நிலைப் பள்ளியில் பெருக்கும் வேலைக்குப் போனாள்.

போன வாரம் அவள் ஆய்வகத்தைப் பெருக்கும்போது பிரவீனா டீச்சர் மாணவிகளுக்கு ஊசலை ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"குண்டு கனமோ லேசோ, ஒரு ஆட்டத்துக்கு ஆகுற நேரம் மாறாது. நூலோட நீளம் மாறினாத்தான் மாறும். ஊசல் கடிகாரம் அதை நம்பித்தான் ஓடுது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பல்சக்கரம் கொஞ்சம் நகரும், நகரும்போது ஊசலை லேசாத் தள்ளிவிடும். தள்ளலேன்னா ஆட்டம் அடங்கிப்போகும்."

துடைப்பம் நின்றது.

"டீச்சர், நெசமாலுமேவா? கனம் மாறினாக்கூடவா?"

"ஆமாக்கா. நீங்களே செஞ்சு பாருங்க. கட்டுன எடத்துலேர்ந்து குண்டோட நடு வரைக்கும் ஒரே நீளம் இருக்கணும். ரொம்ப வீசி ஆட்டாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை தறி ஓடவில்லை. கலைமணி உத்திரத்தில் ஒரே நீளத்தில் இரண்டு நூல் கட்டினாள். ஒன்றில் இரும்பு நட்டு, மற்றதில் காலித் தார்க்கட்டை.

"ஏனுங்க, இங்க வாங்க."

"என்ன கூத்து இது?"

"இருவது ஆட்டம் எண்ணுங்க. செல்லுல நேரம் பாருங்க."

நட்டுக்கு நாற்பது நொடி. கட்டைக்கும் நாற்பது. நம்பாமல் மூன்று முறை எண்ணினார். பிறகு செல்லைக் கீழே வைத்தார்.

"அப்ப ஆட்டத்தை வெச்சு உனக்குத் தெரிஞ்சிருக்காது. உம்மேல தப்பில்ல புள்ள."

இதைக் கேட்கத்தானே அவள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்! ஆனால் அந்த நேரம் அவள் விரல் நட்டைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டது. பிறகு கட்டையை இழுத்தது. கட்டை காற்றைப் போல வந்தது. அவள் முகம் செத்தது.

"நேரந்தானுங்க ஒண்ணு," என்றாள். "இழுக்கையில கனம் தெரியுது. எங்காலுக்குத் தெரிஞ்சிருக்கோணும்."

தனசேகர் கொல்லைப் பக்கம் பார்த்தார்.

"தொட்டியில உழுவும்போது புள்ள கத்தியிருக்கும், கலை. பத்தடி தள்ளித் தறி ஓட்டிட்டு நின்னவன் நானு. எங்காதுக்குக் கேட்டுச்சா? அதை மறைக்கத்தான் உன்னையே கேட்டுட்டிருந்தேன்."

அவள் அவர் காலடியில் மடங்கி உட்கார்ந்தாள். யாரும் யாரையும் தேற்றவில்லை.