நட்சத்திரத்தின் மேல் போட்ட பழி

என்னை யாராவது விஞ்ஞானக் கதாசிரியர் என்று அறிமுகப்படுத்தினால் இன்றும் எனக்குக் குமட்டும். அந்தப் பெயர் எனக்கு எப்படி வந்தது என்பதை இதுவரை எழுதியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் ஆரம்பத்தில் ஆம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ரசாயனமும் பௌதிகமும் கற்பித்துக்கொண்டிருந்தேன். சென்னையில் நடந்துவந்த ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு மாதம் ஒரு விஞ்ஞானக் கட்டுரை அனுப்புவேன். இடி ஏன் இடிக்கிறது, பால் எப்படித் தயிராகிறது, இந்த மாதிரி. ஆங்கிலப் புத்தகங்களைப் படித்து, தமிழில் சொல் கிடைக்காத இடத்தில் நானே ஒன்றைச் செய்து போட்டு, இரண்டு பக்கம் எழுதுவேன். ஆசிரியர் அதைக் கடைசியில், கூந்தல் தைல விளம்பரத்துக்கு மேலே போடுவார். மூன்று வருஷத்தில் ஒரே ஒரு வாசகர் கடிதம் வந்தது. அதுவும் ஒரு எழுத்துப்பிழையைப் பற்றி.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தோல் பதனிடும் கிடங்கு ஒன்று இருந்தது. ஆற்றுப் பக்கம் இருந்து காற்று அடித்தால் அழுகின சதை, சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை எல்லாம் கலந்த நாற்றம் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். மத்தியானச் சாப்பாட்டில்கூட அது இருக்கும். எனக்கு அந்த நாற்றத்தின் மேல் அருவருப்பு. உண்மையைச் சொன்னால், அதில் வேலை செய்கிறவர்கள் மேலும்.

கிருமிகளைப் பற்றி ஒரு கட்டுரைக்காக அழுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. கிடங்கில் பச்சைத் தோலை இறக்கி ஊறப்போடுகிற ஆள் ஒருவரிடம் சொல்லி வைத்தேன். என் வயதுதான் இருக்கும். மறுநாள் மாலை, பிள்ளைகள் போன பிறகு, ஊறல் தொட்டித் தண்ணீரை ஒரு சீசாவில் கொண்டுவந்தார். நான் கைக்குட்டையைச் சுற்றி அதை வாங்கினேன். அவர் அதைப் பார்த்தார்.

ஒரு துளியை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். தானும் பார்க்கலாமா என்று கேட்டார். வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"இன்னாங்கய்யா இது, உசுரோட நெளியுது. இதுலயா நாங்க தெனமும் கைய வுடறோம்?"

அதற்குப் பிறகு வாரம் ஒரு முறை வருவார். தோலிலிருந்து பிடுங்கின உண்ணி, சுண்ணாம்புக் குழியின் ஏடு, ஒரு கொத்து மயிர், எதையாவது கொண்டுவருவார். என் மாணவர்கள் ஒருவரும் கேட்காத கேள்விகளைக் கேட்பார். இந்தப் பூச்சிக்கெல்லாம் பசி உண்டா என்று ஒரு நாள் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல நான் இரண்டு புத்தகங்களைப் புரட்ட வேண்டியிருந்தது.

அந்த வருஷம் பேரணாம்பட்டுக்கு அப்பால் மாடுகளுக்கு அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ், கண்டு ஏராளமாகச் செத்தன. செத்த மாட்டுத் தோல் சல்லிசாகக் கிடைத்தது. வண்டி வண்டியாக வந்து இறங்கியது. அவர் அதைக் கழுத்திலும் தோளிலும் போட்டுச் சுமந்தார்.

ஒரு புதன்கிழமை அவர் வந்தபோது கழுத்தில் ஒரு கொப்புளம் இருந்தது. அதன் நடு கரித்துண்டு போலக் கறுத்து, சுற்றிலும் நீர் கோத்து வீங்கியிருந்தது. வலிக்கவில்லை என்றார். அடைப்பான் புண் வலிக்காது என்று நான் புத்தகத்தில் படித்திருந்தேன். அதே படத்தையும் பார்த்திருந்தேன். உடனே வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும்படி சொன்னேன். மானேஜர் லீவு தரமாட்டார், சனிக்கிழமை போகிறேன் என்றார். நான் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். மறுநாள் எனக்கு வகுப்பு இருந்தது.

வெள்ளிக்கிழமை அவருடைய தம்பி ஓடிவந்தான். அண்ணனுக்குக் காய்ச்சல், மூச்சு வாங்குகிறது என்றான். ரயிலேற்றி வேலூருக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு நாள் முன்னாலேயே ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலையில் அவர் இறந்துபோனார்.

நான் ஒரே மூச்சில் ஒரு கட்டுரை எழுதினேன். அடைப்பான் என்பது என்ன, அதன் கிருமி வித்து தோலில் எத்தனை காலம் சாகாமல் கிடக்கும், வெறும் கழுத்தில் சுமந்தால் எப்படி உடம்புக்குள் போகும், என்ன செய்தால் தப்பலாம். எந்தக் கிடங்கின் பெயரையும் சொல்லவில்லை. அச்சில் வந்ததைப் பார்த்தேன். 'அயல்நாட்டுக் கம்பளி ஆலைகளில் ஒரு விநோத வியாதி' என்று தலைப்பு. தோல் என்ற சொல்லே எங்கும் இல்லை.

சென்னைக்குப் போய் ஆசிரியரைப் பார்த்தேன். இனிமையான மனிதர். காப்பி கொடுத்தார். காலைப் பலகாரத்தோடு பத்திரிகை படிக்கிறவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும் என்றார். தோல் வியாபாரிகள் விளம்பரம் தருகிறார்கள் என்பதையும் ஒளிக்கவில்லை. பிறகு சொன்னார்:

"நிஜத்தை அப்படியே கொட்டினா யார் சார் படிப்பா? கதையா எழுதுங்கோ. கதையில எதை வேணும்னாலும் சொல்லலாம்."

நான் நம்பினேன். ஒரு தோல் ஊரில் கறுப்புப் புண் பரவுவதாகக் கதை எழுதி அனுப்பினேன். வியாதி வேறு எங்கிருந்தாவது, உதாரணமாக ஆகாயத்திலிருந்து, வந்தால் ரசிக்கும் என்று பதில் வந்தது. நான் மாற்றினேன். அவர் மாற்றவில்லை, நானே என் கையால் மாற்றினேன். எரிநட்சத்திரம் ஒன்று ஆற்று மணலில் விழுகிறது, அங்கே மேய்ந்த மாடுகளும் மனிதர்களும் கறுத்துச் சாகிறார்கள், ஒரு விஞ்ஞானி புதிய கதிர் ஒன்றைக் கண்டுபிடித்து மிச்சமிருப்பவர்களைக் காப்பாற்றுகிறார்.

அது முன்பக்கத்தில் படத்தோடு வந்தது. கட்டுக் கட்டாகக் கடிதங்கள். என் கட்டுரை எதையும் படித்திராத தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கை குலுக்கினார். நான் சந்தோஷப்பட்டேன். கடையில் மேற்கொண்டு இரண்டு பிரதிகள் வாங்கினேன்.

அடுத்த மாதம் இறந்தவரின் தம்பி வகுப்பு வாசலில் வந்து நின்றான். அவனும் அதே கிடங்கில்தான் வேலை செய்தான். இன்னொருவருக்குக் கையில் அதே மாதிரிப் புண் கண்டிருக்கிறது, செத்த மாட்டுத் தோலைத் தொடமாட்டோம் என்று எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள் என்றான்.

"மானேஜர் பொஸ்தகத்தப் படிச்சுக் காட்னாரு. நீங்க எழுதுனதாமே. நட்சத்திரம் வுழுந்து அதுல இருந்து வந்த சீக்காம். தோலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லியாம். மெய்தானுங்களா?"

அது வெறும் கதை என்றேன்.

"அப்ப எங்கண்ணன் எதால செத்துச்சு?"

தோலால் என்றேன்.

"அத ஏங்க எழுதல?"

எழுதினேன், அவர்கள் போடவில்லை என்றேன். அவன் வாசற்படியை விட்டு இறங்கினான். நம்பினான் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் அவனாக இருந்திருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன்.

மறுநாள் கிடங்குக்குப் போனேன். மானேஜர் தன் மேல்துண்டால் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, சோடா வரவழைத்தார். கதை ரொம்ப ஜோர் என்றார். ஆட்களைக் கூப்பிடச் சொன்னேன். வந்தார்கள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் அவர்களிடம் சொன்னேன். புண் கண்டவர் கையில் கட்டோடு முன்னால் உட்கார்ந்து கேட்டார். நான் முடித்ததும் மானேஜர் மரியாதை குறையாமல் சிரித்தார்.

"சார் சொன்னா கேட்டுக்கினே இருக்கலாம். போன மாசம் வானத்துல இருந்து வந்துச்சுன்னாரு. இன்னிக்குத் தோலுல இருந்து வருதுங்கறாரு. அடுத்த மாசம் இன்னாவோ."

நாலைந்து பேர் சிரித்தார்கள். கையில் கட்டுப் போட்டிருந்தவரும் சிரித்தார். நான் வெளியே வந்து சுண்ணாம்புக் குழி ஓரத்தில் வாந்தியெடுத்தேன். நாற்றத்தால் இல்லை.

இரண்டு நாளில் எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். கைப் புண்காரர் எப்படியோ பிழைத்துக்கொண்டார். நட்சத்திரத்தின் தோஷம் கழிந்தது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். தம்பி மட்டும் திரும்பவில்லை. அண்ணன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நெமிலிப் பக்கம் கழனி வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். என்னிடம் சொல்லிக்கொள்ள வரவில்லை.

இன்னொரு நட்சத்திரம் விழ வேண்டும் என்று ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. வாசகர்கள் கேட்கிறார்களாம். மூன்று நாள் அந்தக் கடிதத்தைத் தொடவில்லை. நான்காம் நாள் காகிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். முன்பக்கத்தில் பெயர் வந்த ருசி என்பதைத் தவிர வேறு காரணம் அகப்படவில்லை. ஒவ்வொரு கதையிலும் நிஜமான ஒரு தகவலையாவது நுழைத்துவிட வேண்டும் என்று எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன். அந்த வரியைப் பார்த்து ஆசிரியர் வெட்டிவிடுவார். நான் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

வருஷ முடிவில் வாலாஜாபேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்துப் போய்ச் சேர்ந்தேன். அங்கே நல்ல காற்று, அமைதியான தெரு. அந்த வீட்டில் உட்கார்ந்து இன்னும் பதினோரு கதைகள் எழுதினேன். எல்லாம் அச்சாயின.