திருப்பிப் போட்ட படம்

என் அக்கா காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவள். வீட்டில் அவளுக்குப் பெயரே சக்கரம்தான். சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடப்பாள். அப்படிப்பட்டவளை ஒரு இருட்டு ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுக்க நிறுத்திவைத்தார் அத்தான். கடை அவருடையது. "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, தோளை நேரா வைங்க" என்று சொல்லிச் சொல்லியே அவளுடைய நல்ல வயதெல்லாம் போனது. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அந்தக் கடையில் அவள் ஒரு வித்தை பழகிவைத்திருந்தாள். படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட வருகிறவர்களில் பாதிப் பேர், "இது நான் மாதிரி இல்லையே" என்று முகத்தைச் சுளிப்பார்கள். அக்கா வாதாடமாட்டாள். உள்ளே போய்க் கணினியில் ஒரு தட்டுத் தட்டி, படத்தை இடவலமாகத் திருப்பி அச்சிட்டுக் கொண்டுவருவாள். "ஆங், இப்பதான் நான் மாதிரி இருக்கு!" என்று பல்லெல்லாம் தெரிய வாங்கிப்போவார்கள். தன் முகத்தைக் கண்ணாடியில் மட்டுமே பார்த்துப் பழகிய மனிதர்களுக்கு அதுதானே பிடிக்கும். என் வீட்டுக் கூடத்தில் தொங்கும், நான் புடவையில் சிரிக்கும் படமும் அவள் அப்படித் திருப்பிப் போட்டுக்கொடுத்ததுதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வரும்.

நாற்பதைத் தாண்டியபின் ஒருநாள், பத்திரிகைப் புகைப்படமும் இதழ் தயாரிப்பும் சொல்லித்தரும் ஓராண்டுப் பயிற்சியில் சேரப்போகிறேன் என்று அறிவித்தாள். அத்தான் தலைகீழாக நின்று பார்த்தார். அவள் மசியவில்லை. கடைசியில் ஒரு உடன்பாடு ஆயிற்று.

"ஒரு வருஷம் போ. பத்திரிகையில வேலை கிடைச்சா நான் வாயைத் திறக்கமாட்டேன். கிடைக்கலைன்னா கடைக்கு வந்துடணும். மறுபடி இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது" என்றார் அத்தான்.

"சரி" என்று சொல்லும்போதே அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

பயிற்சிக்கூடத்தில் முதல் மாதம் சிரிப்பாய்ச் சிரித்தது. பேருந்து நிறுத்தத்தில் நடந்த சண்டையை எடுத்துவரச் சொன்னால், சண்டை போட்டவர்களை வரிசையாக நிறுத்தி, தாடையை இறக்கச் சொல்லி எடுத்துவந்திருக்கிறாள். பயிற்சி ஆசிரியை தலையில் கை வைத்துக்கொண்டாராம். "நடக்குறதை எடுங்க. நீங்க நடத்தாதீங்க" என்றாராம். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு சந்தை, நீதிமன்ற வாசல், சாக்கடை என்று ஒன்று விடாமல் சுற்றினாள். அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு என் ஸ்கூட்டிதான் தேய்ந்தது.

பயிற்சியின் முடிவில் ஒவ்வொருவரும் தனியாக ஒரு இதழ் தயாரித்து அச்சிட வேண்டும். படம், எழுத்து, பக்க அமைப்பு எல்லாம் அவரவர் பொறுப்பு. ஒரு வார இதழின் ஆசிரியர் வந்து பார்த்து, ஒரே ஒருவருக்கு வேலை கொடுப்பார். அக்காவுக்கு உயிரே அந்த ஒரு இடத்தில்தான் இருந்தது.

அவள் எடுத்துக்கொண்டது மருத்துவமனைச் சலவைக்கூடம். துணி பிழியும் இயந்திரத்தில் இடது கையின் இரண்டு விரல்களைப் பறிகொடுத்த ஒரு அம்மா அங்கே இருந்தார். இயந்திரத்தின் மூடி உடைந்து கிடந்ததை யாரும் சரிசெய்யவில்லை என்பது அவர் புகார். கையை எங்கேயோ நசுக்கிக்கொண்டு வந்து எங்கள் தலையில் கட்டுகிறார் என்பது நிர்வாகத்தின் பதில். விசாரணை நடந்துகொண்டிருந்தது. அக்கா மாதக்கணக்கில் அந்த ஈரத்திலும் ஆவியிலும் நின்று எடுத்தாள். உருப்படியான படம் ஒன்று விழுந்தது: இயந்திரத்தின் மேல் இடது கையை ஊன்றி, அந்த அம்மா பக்கவாட்டில் எதையோ பார்க்கிறார்.

இதழ் அச்சாகி வந்த காலையில் முதல் பிரதியை அந்த அம்மாவிடம்தான் கொடுக்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். போனோம். சலவைக்கூட அம்மா கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

"அடடா, தினமும் கண்ணாடியில பார்க்குற மாதிரியே இருக்கேனேம்மா! நாளைக்கு விசாரணைக்கு இதையே கொண்டுபோய்க் காட்டுறேன்" என்றார்.

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. பிரதியை வெடுக்கென்று வாங்கிப் பார்த்தாள். கட்டுரை வலப்பக்கத்தில் தொடங்கியது. முகம் பக்கத்துக்கு வெளியே பார்க்கக் கூடாது, எழுத்தைப் பார்க்க வேண்டும் என்பது பக்க அமைப்பில் சொல்லிக்கொடுத்த பாடம். இந்தப் படமோ வெளியே பார்த்தது. அச்சுக்கு அனுப்பும் அவசரத்தில், கடைப் பழக்கத்தில் கை தானாக ஒரு தட்டுத் தட்டிவிட்டிருக்கிறது. எழுத்தில் இடது கை. படத்தில் விரல் இல்லாதது வலது கை. புகாரே பொய் என்று சொல்ல நிர்வாகத்துக்கு இது போதும்.

"இதைக் கொண்டுபோகாதீங்கம்மா. நான் வேற படம் தரேன். காலையில உங்க வீட்டு வாசல்ல நிப்பேன்" என்றாள் அக்கா.

அன்றைக்குத்தான் வார இதழ் ஆசிரியர் பயிற்சிக்கூடத்துக்கு வருகிற நாள். வழியெல்லாம் என் தோளைப் பிறாண்டிக்கொண்டே வந்தாள். "வேகமாப் போ, வேகமாப் போ" என்றாள். போய் என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மறுபடி அச்சடிக்க நேரமில்லை.

பயிற்சிக்கூடத்தில் அந்த ஆசிரியர் அதற்குள் எல்லா இதழ்களையும் பார்த்து முடித்திருந்தார். அவர் கையில் அக்காவின் இதழ், அதுவும் அதே பக்கம். "இந்த ஒரு படத்துக்காகவே..." என்று பயிற்சி ஆசிரியையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அக்காவின் காதில், "அவர் கவனிக்கலைக்கா. உன் கால்ல விழறேன், வாயை மூடிட்டு இரு" என்றேன்.

சக்கரம் நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் ஒரே இடத்தில் ஆணி அடித்தாற்போல் நின்றதைப் பார்த்தேன்.

"சார், அந்தப் படம் தப்பு. திருப்பிப் போட்டுட்டேன். அவங்களுக்குப் போனது இடது கை விரல்" என்றாள்.

அவர் படத்தையும் எழுத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார்.

"அதனாலதான் சார் சொன்னேன்."

"சொன்னதுக்கு மரியாதை உண்டும்மா. ஆனா அச்சானதுக்கு அப்புறம் சொல்ற ஆளை வச்சுக்கிட்டு என்னால பத்திரிகை நடத்த முடியாது."

இடம் வேறு ஒரு பெண்ணுக்குப் போனது. அவள் படங்கள் சுமார்தான். ஆனால் எல்லாம் எடுத்தபடி இருந்தன. நான் அந்த ஆசிரியரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வண்டி ஓட்டினேன். அக்கா அழுதாள். பின்னால் உட்கார்ந்து, என் முதுகில் முகத்தை வைத்து, தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கும் கண் மறைத்தது.

நேராகக் கடைக்குத்தான் போனோம். அத்தான் எங்கள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். அக்கா உள்ளே போய் அந்தப் படத்தை எடுத்தபடியே பெரிதாக அச்சிட்டாள். கூடவே இன்னொன்றும் அச்சிட்டாள். எதற்கு என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை கையில் இரண்டு உறைகளோடு என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கூடத்துச் சுவரில் இருந்த என் படத்தைக் கழற்றி, சட்டத்தைப் பிரித்து, உள்ளே புதிதாக ஒன்றைச் செருகி மாட்டினாள்.

அதே புடவை, அதே சிரிப்பு. ஆனால் ஒரு பக்கம் உதடு கோணியிருந்தது. மூக்கு எங்கோ சாய்ந்திருந்தது. எனக்குப் பிடிக்கவேயில்லை.

"என்னக்கா இது? நான் மாதிரியே இல்லையே" என்றேன்.

"இதுதாண்டி நீ. நாங்கெல்லாம் தினமும் பார்க்குற நீ."

கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"கடைக்கா?" என்று கேட்டேன்.

"சாயங்காலம் கடைக்கு. உங்க அத்தானுக்குக் கொடுத்த வாக்கு இருக்கில்ல. இப்ப விசாரணைக்கு. அந்தம்மா காத்துக்கிட்டு இருப்பாங்க, வண்டியை எடு."

படியிறங்கும் சத்தம் கேட்டது. நான் சாவியைத் தேடிக்கொண்டே மறுபடி சுவரைப் பார்த்தேன். என் மச்சம் இத்தனை வருடங்கள் கழித்து இடது கன்னத்துக்கு வந்திருந்தது. தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அங்கேதான் இருந்தது.