கணக்கெடுக்க வந்தவளுக்குச் சொன்னது

எனக்கு எழுபத்தெட்டு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். அதிகம் படிக்கவில்லை, ஆனால் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே மனதில் இருப்பதைச் சொல்லிவிடுவேன் என்ற பெருமை எனக்கு உண்டு. அந்தப் பெருமையை ஒரு மத்தியானத்தில் உடைத்துவிட்டுப் போன பெண்ணைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏதோ ஒரு வருடம். லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டு வாசலில் மழைக்குடையை உதறிக்கொண்டு நின்றாள். யார் வேலை செய்கிறார்கள், இளம் பிள்ளைகளில் யார் வேலை தேடுகிறார்கள் என்று அரசாங்கத்துக்காகச் சில வீடுகளில் மட்டும் கேட்டுப் பதிகிறவள். மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவள். என் நெற்றிப் பொட்டைக் கண்டதும் தமிழில் பேசத் தொடங்கினாள். லண்டனில் இத்தனை வீடு இருக்க எங்கள் வீட்டைத் தெரிந்தெடுத்திருக்கிறார்களே என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. தேத்தண்ணி போடப் போனேன்.

என் கடைசி மகன் அப்போது பரீட்சை சரிவராமல் காலேஜை விட்டிருந்தான். நான் என்ன கேட்டாலும் "பாப்பம் அம்மா" என்று மாடிக்கு ஏறிவிடுவான். அவனோ அன்றைக்கு அவள் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"போன வாரம் ஒரு மணி நேரமாச்சும் சம்பளத்துக்கு வேலை செஞ்சீங்களா தம்பி?"

"ஓம் அக்கா. சனிக்கிழமை டூட்டிங் மாக்கெட்டில மரக்கறிப் பெட்டி இறக்கினனான்."

கிரிக்கெட் விளையாடப் போனான் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்.

"அப்ப நீங்க வேலையில இருக்கறவர்தான்" என்று மடியில் வைத்திருந்த கணினியில் தட்டிக்கொண்டாள்.

"ஒரு மணித்தியாலம் பெட்டி இறக்கினா வேலையோ பிள்ளை?" என்றேன்.

"எங்க கணக்குல ஆமாம்மா."

"நான் விடிஞ்சதிலயிருந்து சமைக்கிறன். நான் எந்தக் கணக்கு?"

"வீட்டு வேலை இதுல வராதும்மா." மகன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

எந்தெந்த இடத்துக்கு எழுதிப் போட்டான், எந்தக் கடைக்காரன் முகத்தில் அடித்த மாதிரித் திருப்பி அனுப்பினான், நல்ல வேலை கிடைத்தால் இரண்டு கிழமைக்குள் தொடங்கத் தயார் என்பது வரை எல்லாவற்றையும் சொன்னான். பெற்ற எனக்குக் கிடைக்காத பதில் ஈரக் குடையோடு வந்தவளுக்குக் கிடைத்தது. அவளிடம் அப்படி என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். கேட்பாள், தட்டுவாள், அடுத்ததைக் கேட்பாள். ஏன் என்று ஒருதரமும் கேட்கவில்லை. எதைச் சொன்னாலும் அதே முகம்.

அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போனில் கேட்பாள். அவன் போனைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போவான். நான் குசினித் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் காதை நீட்டிக்கொண்டு நிற்பேன். கேட்டது சிரிப்பு மட்டும்தான்.

ஒருநாள் சோறு போடும்போது, அவளைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். "இந்தக் கிழமை எங்க போனனீ?"

"என்ன அம்மா, நீங்களும் கணக்கெடுக்கிறீங்களோ?" என்றான். ஆனால் சொன்னான். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை, திங்கட்கிழமையிலிருந்து.

அடுத்த முறை அவள் எடுத்தபோது அவன் ஷிப்டில் இருந்தான். "தம்பிக்குப் பதிலா நீங்களே சொல்லலாம்மா" என்றாள். சொன்னேன். என்ன வேலை, எத்தனை மணித்தியாலம், எந்த நாள் என்று அவள் கேட்கக் கேட்க விடாமல் சொன்னேன். அவளுக்கு முந்தி எனக்குத் தெரிந்திருந்தது என்பதில் அப்படி ஒரு திருப்தி.

"இன்னும் கூடுதல் நேரம் வேலை செய்ய தம்பிக்கு விருப்பமா?"

அவன் களைத்து வருகிறான், நான் கால் பிடித்துவிடுகிறேன். ஆனால் அவனுக்கு என்ன விருப்பம் என்று கேட்டதில்லை. இல்லை என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"பின்னேரம் எடு பிள்ளை. அவனையே கேள்" என்றேன்.

ஒரு வீட்டை ஐந்து தடவைதான் கேட்பார்களாம், எங்கள் வீட்டுக்கு அதுதான் கடைசி அழைப்பு என்று சொன்னாள். பின்னேரம் எடுத்தாள். அவன் என்ன சொன்னானோ, எனக்கு இன்றுவரை தெரியாது. அவளுக்குத் தெரியும்.

பேத்தி, இங்கே வா. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறவள்தானே நீ, எழுத்துப் பிழையைப் பார்க்காமல் இதை ஒருதரம் வாசி. கொஞ்சம் சத்தமாக வாசி. அந்தப் பெட்டி இறக்கிய உன் அப்பா பக்கத்து அறையில்தான் இருக்கிறார்.